முப்பதாம் நிமிடம்

தார்த்து நகரில் பிப்ரவரி.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை.
உள்ளே, வெந்நீர்த் தொட்டியில், மேலே முப்பது.
அதில் இரண்டு குடுவைகள் குலுங்குகின்றன.
அவற்றுக்குள் நான் ஏமாற்றி நிறுத்திவைத்த
ஈஸ்ட் செல்கள்.

ஏமாற்றுவது எளிது.
எதிர்ப்பாலின் வாசனையைக் கொஞ்சம் ஊற்றினால் போதும்,
பிளவுபடுவதை மறந்துவிட்டு
ஒருபக்கமாய் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.
இரண்டரை மணி நேரம் நிற்கும்.
யாரும் வருவதில்லை.

பிறகு வாசனையைக் கழுவிவிடுகிறேன்.
நிமிடம் பூச்சியம்.
கோடிக்கணக்கில் எல்லாம் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றன.
பத்து நிமிடத்துக்கு ஒரு குழாய்,
மூடியில் எண், நேரே பனிக்கட்டிக்குள்.

நான் தேடுவது ஹிஸ்டோனை,
மரபிழை சுற்றிக்கொள்ளும் கண்டை.
ஓர் ஈஸ்ட்டின் இழையை நீட்டிப் பிடித்தால்
நான்கு மில்லிமீட்டர், என் சுண்டுவிரல் நகத்தில் பாதி.
அது இரட்டிக்கும்போது கண்டும் இரட்டிக்க வேண்டும்,
அப்போதே, அந்த அளவே.
முந்தி வந்தால் கண்ட இடமெல்லாம் ஒட்டி நஞ்சாகும்.
பிந்தினால் இழை அம்மணமாய்க் கிடக்கும்.

அதனால்தான் அந்த வாசலில் அத்தனை கெடுபிடி.
முதுகோடு முதுகாய் இரண்டு மரபணுக்கள்,
நடுவில் பொதுவாய் ஒரு வாசல்,
அதில் ஹிர் என்று நால்வர் காவல்.
பெரும்பாலும் மாட்டேன் என்பதே அவர்கள் வேலை.
இழை நகலாகும் நேரம் நெருங்கினால்
யாரோ வந்து தோளைத் தொடுகிறார்கள்,
அவர்கள் விலகுகிறார்கள்.
நகலெடுப்பு முடிந்ததும் மறுபடி வந்து நிற்கிறார்கள்.
தொட்டது யார், எப்படி என்று கேட்கத்தான்
எங்களுக்கு மூன்றாண்டு மானியம்.

ஹெய்க்கி துணைக்கு இருந்தான். மகளுக்குக் காய்ச்சல் என்று
பத்தாம் நிமிடத்தில் போய்விட்டான்.
இருபதாம் குழாயை நானே மூடினேன்.
நாற்காலியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது.
குலுக்கியின் சத்தம், வல்கா போகும் ரயில் மாதிரி.

கண் விழித்தபோது ஐம்பத்து மூன்று.

ஐம்பத்து மூன்று என்றே எழுதினேன்.
முப்பதும் நாற்பதும் எழுதிய வெற்றுக் குழாய்களைப்
பனிக்கட்டியில் அப்படியே விட்டேன்.
எடுத்தெறியக் கை வரவில்லை.

நான்கு நாள் கழித்து இருட்டறையில் படம் எழுந்தது.
ஆக்டின் எல்லாப் பாதையிலும் ஒரே கருப்பு,
வாடகை தவறாத குடித்தனக்காரன்.
காவலை அறுத்துவிட்ட திரிபு வகைக்கும்
எடுத்த குழாயிலெல்லாம் கருப்புதான்,
அந்த வீட்டுக்குச் சாத்தத் தெரியாது.
இயல்பு வகையில்
பூச்சியம், பத்து: ஒன்றுமில்லை.
இருபதில் ஒரு நிழல்.
அப்புறம் இரண்டு பாதை வெள்ளை.
ஐம்பத்து மூன்றில் அடங்கிப்போன சாம்பல்.

விளக்குப் பெட்டியின் மேல் குனிந்து
விர்வே வெகுநேரம் பார்த்தாள்.
"ஐலி, இது நீ தூங்கியதன் படம்.
தூக்கத்துக்கு இவ்வளவு கூரான விளிம்பு
நான் பார்த்ததில்லை."

சிரிக்கவில்லை அவள்.
பாதைகளின் கடைசியில் விரலை வைத்தாள்:
தொண்ணூறில் ஒரு மங்கல், நூறிலும்.
இரண்டாம் சுற்று.
இந்நேரம் ஒரே கோட்டில் ஓடுவோர் இல்லை,
சிலது முந்தி, சிலது சோம்பி.
வாசல் திறந்து திறந்து
விளிம்பெல்லாம் கலைந்திருக்கிறது.

ஆக, திறந்திருக்கிறது.
கண்டு வந்ததை நான்தான் காணவில்லை.
தொட்டவர் தொட்டு, விலகியவர் விலகி,
வேண்டிய அளவு வாங்கிக்கொண்டு
கதவைச் சாத்தியும் விட்டார்கள்,
என் கழுத்து ஒருபக்கமாய்ச் சாய்ந்திருந்த
முப்பத்து மூன்று நிமிடத்தில்.

வியாழன் இரவு மறுபடி.
வாசனையை ஊற்றியாகிவிட்டது.
குடுவைக்குள் எல்லாம் மூக்கை நீட்டுகின்றன.
கோட்டுப் பையில்
ஹெய்க்கி கொடுத்த அலாரக் கடிகாரம்,
அவன் மகளுடையது, தவளை வடிவம்.