ஏழு தூண்கள்

புதன்கிழமை காலை அலுவலகக் கதவைத் திறந்தால்
காலடியில் சரசரக்கும்.
பித்தளைத் துவாரத்தின் வழியே
இரவெல்லாம் ஊர் துப்பிவிட்டுப் போன உறைகள்.
மாத்தே குடுவையை ஒரு கையில் பிடித்தபடி
மறு கையால் பொறுக்குவேன்.

அன்செல்மோ பிதெகாயின்,
ரயில்வேயில் கைகாட்டி இழுத்து ஓய்ந்தவர்,
ஊதா மையில் எழுதுவார்:
'அம்மணி, சென்ற வாரம் நீங்கள் பெய்வித்த மழை
எங்கள் தெருவில் பெய்யவில்லை.'

பால்பண்ணை ஒஃபேலியா
என் கட்டுரையைப் பற்றி மூச்சுவிடமாட்டாள்.
தன் தேனீக்களைப் பற்றி நாலு பக்கம்.
கடைசி வரியில் மட்டும்,
'மற்றபடி, உங்களோடு உடன்பாடில்லை.'

பெயர் போடாத ஒருவன் இருந்தான்.
பதினோரு வருடம் என்னைத் திட்டினான்.
அவன் கையெழுத்து நடுங்கத் தொடங்கியபோது
அவன் வீட்டாருக்கு முன்னால்
எனக்குத் தெரிந்திருக்கும்.
ஒரு ஜூலைக் குளிரோடு திட்டு நின்றது.
அந்த மாத இரங்கல் பக்கத்தில் ஆறு பெயர்கள்.
எவன் என்று தெரியாமல்
ஆறு பேருக்கும் எழுந்து நின்றேன்.

நாற்பது கடிதம், பதினெட்டு, மூன்று.
இப்போது அந்தத் துவாரத்தில்
மின்கட்டணச் சீட்டும்
பீட்சாக் கடை விலைப்பட்டியலும்.

விற்பனை குறையவில்லையே என்கிறார் ஆசிரியர்.
குறையவில்லைதான். படிக்கிறார்கள்.
ரொட்டிக்கடை வரிசையிலிருந்து,
ஓடும் பைக்கிலிருந்து
கட்டைவிரல் உயர்த்துகிறார்கள்.
'நல்லா இருந்தது.'
எது?
'எல்லாம்தான்!'
கட்டைவிரலோடு எப்படி வாதாடுவது?
அதற்கு நகம் உண்டு, நாக்கு இல்லை.

மார்ச் மாதம் ஒரு பொய் எழுதினேன்.
நம் ஆற்றுப் பாலத்துக்குத் தூண்கள் ஏழு என்று.
ஒன்பது.
இந்த ஊர்ப் பிள்ளைகள் எண்ணப் பழகுவதே
பஸ் ஜன்னலில் அந்தத் தூண்களைத்தான்.
தூண்டிலில் புழு கோர்ப்பதுபோல்
இரண்டு தூண்களை ஆற்றில் நழுவவிட்டேன்.

புதன்கிழமை விடியுமுன் வந்து கதவைத் திறந்தேன்.
தரை சுத்தமாக இருந்தது.
அடுத்த புதனும்.
அதற்கடுத்ததும்.
ஏழு தூண்களின் மேல் பாலம் நின்றது.
மாட்டு லாரிகள் போயின, பள்ளிப் பேருந்து போனது,
யாரும் விழவில்லை.

எனக்கு நானே மறுப்பு எழுதிக்கொள்ள
ஊதா மை வாங்கினேன்.
'அம்மணி' வரை வந்தது.
அதற்கு மேல்
அன்செல்மோவின் கோபம் எனக்குக் கூடிவரவில்லை.

ஏப்ரலில் கடைவாய்ப் பல் வலி.
டாக்டர் யமாந்தூவின் காத்திருப்பறையில்
கசங்கிய இதழ்களுக்கு நடுவே என் பக்கம்.
'ஏழு' மேல் பென்சில் அடித்திருந்தது.
ஓரத்தில்:
'ஒன்பது. இவளுக்குக் கண் அவிந்துவிட்டதா?'
அதன் கீழே வேறு கை, நீலப் பேனா:
'எட்டு. கரையோடு ஒட்டி நிற்பதைத்
தூண் என்று சொல்வதில்லை.'
அதன் கீழே இடம் போதாமல்
பக்கத்தைச் சுற்றி ஏறி
விளம்பரத்தில் வந்த டிராக்டரின் மேலேயும் ஓடி,
'கரைத்தூணுக்குக் கலவை ஊற்றியது என் அப்பா.
வந்து பார், காட்டுகிறேன்.'
டிராக்டருக்குப் பின்னால் ஒரு குழந்தை
பாலம் வரைந்திருந்தது.
அதில் பதினான்கு தூண்கள்,
ஒன்றுக்குச் செருப்பும்.

வீங்கிய கன்னத்தால் சிரிக்க முடியவில்லை.
ஆனால் சிரித்தேன்.
எதிரே இருந்த பெண்
தன் பையனை இழுத்து அருகில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை மாதம்
என் கதவைத் தாண்டி இங்கே வந்து
சண்டை போட்டிருக்கிறார்கள்.
எனக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று
ஒருவருக்கும் தோன்றவில்லை.
அது கொஞ்சம் குத்தியது, பல்லைவிட.

'நேலிடா எச்சேவெரி' என்று கூப்பிட்டார்கள்.
ஒரு நிமிடம், என்றேன்.
கைப்பையைக் கவிழ்த்து
ஊதாப் பேனாவைத் தேடி எடுத்து,
செருப்புப் போட்ட தூணுக்குக் கீழே எழுதினேன்:
'எட்டுதான். கரைத்தூண் கணக்கில் சேராது.
உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.'

குவியலின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.
பெயர் போடவில்லை.