எலி கடித்த பாட்டில்

நிப்பிளின் நுனியைக் கத்தரித்தது நான்தான்.
"எலி கடிச்சிருச்சுடா" என்றேன்.
ஆதன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பழைய செல்போனுக்கு விலை சொல்லப் போகிறவன்போல்.

திங்கட்கிழமை அழுதது
கூடல்நகர் முழுக்கக் கேட்டிருக்கும்.
மாடிவீட்டு சகாயமேரி இறங்கி வந்து
"பிள்ளைக்குக் காதுவலியா?" என்றாள்.
செவ்வாய்,
டம்ளர் பாலைத் தரையில் கவிழ்த்து
அதிலேயே தப்தப்பென்று அடித்தான்.

இன்று கேட்கவேயில்லை.
பாட்டில் மூடியை மட்டும்
உள்ளங்கையில் பொத்தியபடி தூங்கிவிட்டான்.

இரண்டே கால். சரக்கு ரயில் போகிறது.
கால் தானாக எழுந்து அடுப்படிக்கு வந்திருக்கிறது.
காய்ச்சி, ஆற்றி,
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான்
உறைத்தது.

நின்றபடி நானே குடித்தேன்.

சிலிண்டருக்குப் பின்னால்
பாதி பிஸ்கட்.
எலிக்கு வைத்திருக்கிறான்.