குடையின் விலை

திரை வெளுத்தது, விடிய மூன்று பத்துக்கு.
துறைமுகத்துக்கு அப்பால் எவனோ
எங்கள் அலைவரிசையில் கத்துகிறான்.

கத்தட்டும்.
அவன் பற்றரிக்கும் ஒரு கணக்கிருக்கிறது.
பத்து வாசலையும் அடைக்கக் கட்டாது;
எதால் வருவேன் என்று தெரிந்தால்தான்
அவனுக்கு இலாபம்.

ஆகவே தாயக்கட்டை உருட்டச் சொல்லி
ராடாரிடம் விட்டிருக்கிறேன்.
அடுத்த துடிப்பு எதில்?
எனக்கும் தெரியாது.
கமாண்டர் விஜேநாயக்கவுக்கு இது பிடிக்கவில்லை:
"தெரியாதென்றால் நீ எதற்கு?"

நியாயமான கேள்வி.

நேற்றுப் புறக்கோட்டையில்
குடை விற்ற றிஸ்மி
என் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொன்னான்.
முகத்தில் மழை தெரிந்திருக்கிறது.
முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தேன்.

இப்போது அவன் ஏழாம் வாசலில் நிற்கிறான், கத்தியபடி.
நான் இரண்டால் போய்
வந்தும்விட்டேன்.
திரையில் ஒரு புள்ளி.
மட்டக்குளிப் பக்கத்து மீன் வள்ளம் போலிருக்கிறது.