கணக்கு சரி

ஞாயிறு விடிகாலை, எலகங்கா மேம்பாலத்தின் மேல்
ஒரே ஒரு சத்தம்,
எவர்சில்வர் டப்பாவுக்குள் ஆணி விழுந்ததுபோல்.
பிறகு கார் வெறும் மஞ்சள் நிறம்.

ஏற்றிப்போக வந்த லாரிக்காரர் அஸ்லம்
ஒரு சுற்றுச் சுற்றிவந்து கேட்டார்:
"லிட்டருக்கு எவ்வளவு சார் கொடுக்கும்?"

வாரன்டி முடிந்து பதினோரு நாள்.
நீட்டித்துக்கொள்ளச் சொல்லி
சர்வீஸ் சென்டர் பூவையா மூன்று முறை போன் செய்தார்.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
காப்பீட்டுக் கம்பெனியில்
அடுத்தவர் சாவுக்கு விலை போடுகிறவன் நான்;
எக்செல்லில் தட்டிப் பார்த்தேன்.
நூற்றுக்கு இரண்டுதான்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

கணக்கு சரி. இப்போதும் சரி.
அந்த இரண்டில் ஒருவனாக
யாராவது இருக்கத்தானே வேண்டும்.

பிரித்துப்போட்ட இரும்பின் மேல்
பூவையா டார்ச் அடிக்கிறார்.
கனெக்டிங் ராடு முறிந்து
பிளாக்கில் ஓட்டை. கட்டைவிரல் நுழையும்.
நுழைத்தேன்.

புது என்ஜின் பதினெட்டு லட்சம்.
"இதற்கும் வாரன்டி நீட்டிக்கலாம் சார்."
கண்ணைப் பார்க்காமல் பேனாவைத் தருகிறார்.
நூற்றுக்கு இரண்டு, நூற்றுக்கு இரண்டு என்று
மனசுக்குள் சொல்லிக்கொண்டே
படிவத்தை என் பக்கம் இழுத்தேன்.

கையெழுத்துக்கு முன்பே
ஓரத்தில் விழுந்துவிட்டது
கறுப்பாக ஒரு கைநாட்டு.