பச்சை ஆப்பிள் கிழமை

மோபெனியில் நான் வேலை பார்க்கும் ஆலையில்
ஆப்பிள் கிடையாது.
பதின்மூன்று வருஷத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை,
என் சாப்பாட்டு டப்பாவில் தவிர.
நீலப் பீப்பாய் வரும். மேலே ஒரு எண்.
மூடியைத் திறந்தால்
யாரோ ஒரு தோட்டத்தையே கடித்துத் துப்பிய மாதிரி
கூரைவரைக்கும் ஆப்பிள்.

திங்கள் லாவண்டர்.
செவ்வாய் தேங்காய்.
புதன், குழந்தைகளுக்கானது, கண் எரியாதது.
வியாழன் பச்சை ஆப்பிள்.
எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே
என் கழுத்தை முகர்ந்து கிழமை சொல்வான் கவீலன்.
அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு
அந்த வித்தையைக் காட்டியிருக்கிறேன்.

மூன்றாம் தடவை அவனுக்கு மூச்சு இழுத்தபோது
கிளினிக்கில் நர்ஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
வீட்டில் எதை எதைத் தெளிக்கிறீர்கள்?

அன்றிரவு திலோஷினி மேசையில் பேப்பரை விரித்து
குளியலறையைக் கொண்டுவந்து கொட்டினாள்.
ஆலைக் கடையில் நெளிந்த பாட்டில் பாதி விலை.
எங்களிடம் இருந்ததெல்லாம் நெளிந்தவை.
போன் வெளிச்சத்தில் லேபிள் படித்தாள்.
மெத்தில், பியூட்டில், இன்னும் ஏதோ ஐசோ.
பல்லில் கல் அகப்பட்டவள் போல நிறுத்தி நிறுத்தி.
எல்லாவற்றின் கடைசியிலும் ஒரே சொல்: வாசனை.

"இதுக்குள்ள என்ன?"
"தெரியாது. எண்தான் தெரியும். நாலு ஆறு ஒண்ணு ஏழு."
"ஊத்துறவன் நீ."

நான் பீப்பாயின் நிறத்தைச் சொன்னேன்.

யுரிஷாவுக்குப் பதினேழு.
மெட்ரிக் நடனம் அக்டோபரில்.
முடி நீட்டும் க்ரீமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்,
போலீஸ் வந்து பிடுங்கப்போவதுபோல்.
பேரம் நடந்தது.
உடம்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே போயிற்று.
நகப்பூச்சு பின்முற்றத்தில் மட்டும்.
க்ரீமுக்கு அக்டோபர்வரை உயிர்.

வெள்ளிக்கிழமை விளக்கின் முன்னால்
சாம்பிராணித் தட்டோடு திலோஷினி நின்றாள்.
வெகுநேரம்.
பிறகு தட்டைக் கொல்லைக்கு எடுத்துப்போனாள்.
"முருகன் கோவிச்சுக்க மாட்டான்.
அவன் அம்மாவும் ரெண்டு புள்ள வளர்த்தவதான்."

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன்.
மேசையில் பாட்டில்களைத் திறந்துபார்த்த அந்த இரவில்
நெடி போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தாள்.
காற்று திரும்பியிருந்தது.
சுத்திகரிப்பு ஆலையின் பக்கமிருந்து
அழுகிய முட்டை நாற்றம் வீட்டுக்குள் வந்து
சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்தது.
தூரத்துக் கோபுர உச்சியில் அந்தத் தீ
எங்கள் பிள்ளைகள் பிறக்கும் முன்பிருந்தே எரிகிறது.
திலோஷினி ஜன்னலைச் சாத்தினாள்.
கொக்கியிலிருந்து கை எடுக்கவில்லை.
நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும்.
"இதுக்கு மனு குடுக்கணும், கூட்டம் போடணும்" என்றாள்.
"அது சனிக்கிழமை."
பிறகு ஒரு ஷாம்பூவை எடுத்துக்காட்டினாள்:
"இதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்."

பெட்டி இன்னும் கராஜில் இருக்கிறது.
சாக்கடையில் ஊற்றினால் கால்வாய்க்குப் போகும்.
பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம் என்றேன்.
அவங்க வீட்டிலயும் பிள்ளை இருக்கு, என்றாள்.
அதனால் பெட்டி கராஜில்.

இப்போது ஷிஃப்ட் முடிந்ததும்
ஆலையிலேயே குளிக்கிறேன்,
வெறும் வெள்ளைச் சோப்பு, துணி துவைக்கிற கட்டி.
சீருடையைப் பையில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவருகிறேன்.
பம்ப் குளிர்பெட்டிமேல்தான் இருக்கிறது.
முன்பு மாதம் ஒன்று, இப்போது ஒன்று இரண்டு மாதம் வருகிறது.
காரணம் எது என்று திலோஷினி சத்தியம் செய்யமாட்டாள்.

நேற்று கவீலன் மடியில் ஏறி
கழுத்தில் மூக்கை வைத்தான்.
இழுத்தான். இன்னொரு தடவை இழுத்தான்.
காதுக்குப் பின்னால் தேடினான்.
"இன்னிக்கு என்ன கிழமை, டாடி?"

நானும் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது.