பிழைதிருத்தம்

நூற்றியெழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்குக்
கல்லூரி வரலாற்றை எழுதித் தரும்படி
என்னிடம்தான் கேட்டார்கள்.
நான் இங்கே படித்தவள் அல்ல.
இது ஆண்கள் பள்ளிக்கூடம்.
நூலகத்துச் சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சண்டிலிப்பாய் வெயிலில்
முருகைக்கல் சுவர் மாவாய்க் கொட்டுகிறது.
வாசல் வளைவில் லத்தீனில் நாலு சொல்.
'ஒளியை நோக்கி' என்பார் அதிபர்.
'ஒரு மணியோட வீட்டை போ' என்பார்கள் பெடியள்.
அகராதி மூன்றாவதாய் ஒன்று சொன்னது.
நான் எவருக்கும் சொல்லவில்லை.

நாலு இல்லங்கள், நாலு வெள்ளைக்காரர்.
வித்தர்பி இல்லம் நீலம்.
வித்தர்பி துரை கப்பலால் இறங்கிய
பதினோராம் மாதம் பேதியில் போனவர்,
ஒரு பாடமும் முடிக்காதவர்.
அவர் பெயரைக் கத்தியபடி
இன்றைக்கும் கயிறிழுக்கிறார்கள்.

முன்றலில் புல்வெளி.
சிரேஷ்ட மாணவ தலைவன் மட்டும் குறுக்கே கடக்கலாம்.
மற்றவர்கள் சுற்றித்தான் போகவேண்டும்.
வைகாசிதோறும் புல் செத்தது,
விதி சாகவில்லை.
ஆமி இருந்த ஆறு வருடமும்
நடுவில் ஒரு கவசவாகனம் நின்றதாம்.
பள்ளிக்கூடம் திரும்பி வந்த முதல் திங்கள்
எண்ணெய் ஊறிய அந்த வெறுந்தரையைச்
சுற்றி நடந்தார்களாம் பிள்ளைகள்,
வரிசையாக.
இதை எழுதும்போது சிரித்தேன்.

பிறகு தண்டனைப் புத்தகம் கிடைத்தது,
கறையான் தின்றது போக மிச்சம்.

1931 ஆனி 18.
பெயர்: செல்லன், முத்தன் மகன்.
குற்றம்: வாங்கில் இருந்தது.
அடி: இல்லை.
குறிப்பு: மற்றைய இருபத்தேழு பேரும்
எழுந்து வெளியேறினர்.
நாட்டு வழமை மதிக்கப்பட வேண்டும்.

அழகான சாய்வெழுத்து.
கடலுக்கு அப்பாலிருந்து வந்த மை, மங்கவேயில்லை.
அடுத்த வரியில்
அம்பலவாணர், சப்பாத்தில் சேறு, இரண்டு அடி.

இடாப்பில் செல்லன் ஆடி மட்டும் இருக்கிறான்.
ஆடி நடுவில் ஒரு சிவப்புக் கோடு.
அடிமட்டம் வைத்துக் கீறியிருக்கிறார்கள்.

அந்த வாங்கைத் தேடினேன்.
ஏன் என்று தெரியாது,
மரத்தைத் தொட்டால் என்ன தெரியப்போகிறது.
காவலாளி பேரின்பன் சொன்னார்:
'தொண்ணூறில காங்கேசன்துறைச் சனம் வந்து
இஞ்சைதான் இருந்தது, பிள்ளை.
விறகில்லை. பழைய வாங்கெல்லாம்
அடுப்புக்குள்ள போச்சுது.'
எனக்கு ஒரு கணம் நல்லாய்த்தான் இருந்தது.
'எல்லாருக்கும் ஒரே அடுப்போ?'
அவர் பீடியைக் காலால் நூர்த்தார்.
'ரெண்டு. புளிக்கு அங்காலை ஒண்டு.'

எழுதி அனுப்பினேன்.
மலர்க்குழுச் செயலாளர் தவனேசர்
லண்டனிலிருந்து குரல் அனுப்பினார்:
'தங்கச்சி, இது சந்தோசமான விசயமெல்லோ.
முப்பத்தோராம் பக்கத்தில
அந்த வருசத்துக் கிரிக்கெட் படத்தைப் போடுங்கோ.
இடமும் சரியா வரும்.'

இடம் சரியாக வந்தது.
கதிரையில் ஐந்து பேர், பின்னால் ஆறு பேர்.
அம்பலவாணர் நிற்கிறார், சப்பாத்து பளபளக்கிறது.
படத்தில் ஒருவரும் தரையில் இருக்கவில்லை.

ஆயிரம் பிரதி வந்து இறங்கிய அன்று
அச்சகத்துப் பெடியன் கேட்டான்,
'பிழைதிருத்தம் ஏதும் இருக்கோ அக்கா?'
ஒரு துண்டுத்தாள் அடித்துத் தந்தான்.

பக்கம் 12: நீலம் என்பதைக் கருநீலம் என வாசிக்க.
பக்கம் 31: விடுபட்ட பெயர் – செல்லன், முத்தன் மகன்,
வாங்கில் இருந்தவர்.
பக்கம் 44: 'கலாநிதி' என்பதை நீக்குக.

ஆயிரத்தையும் நானே செருகினேன்.
விரல் நுனி இரண்டு இடத்தில் கிழிந்தது.
ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் பிறகு இல்லை என்பதால்
புல்வெளிக்கு நடுவால் போனேன்.