ஒன்றாக்கவா?

துப்பரவு வேலை எனக்கு வந்தது
அன்று நான் விரிவுரைக்குப் பிந்தி வந்ததால்.
புவியியல், இரண்டாம் வருடம், பதினேழு பேர்.
நிலத்தடி நீர் பற்றி இணையத்தில் கண்டதையெல்லாம்
பொதுப்பெட்டியொன்றில் புத்தகக்குறியாய்ச் சேர்த்து
ஆளாளுக்கு வாயில் வந்த குறிச்சொல்லை ஒட்டியிருந்தோம்.
அறுநூற்றுச் சொச்சம் இணைப்புகள்.
நாளைக்குப் புள்ளி.

கிணறு என்பாள் சாம்பவி.
கினறு என்று றெஜினோல்ட்,
கொடிகாமம் பஸ்ஸில் தொங்கியபடி, ஒற்றைக் கையால்.
யதுகுலன் மட்டும் துரவு.
பாடப்புத்தகத்தில் நைத்திரேற்று,
இந்தியத் தளங்களில் நைட்ரேட்,
தோட்டத்தில் யூரியா.
சுன்னாகத்தை மூன்று விதமாய் எழுதியிருந்தார்கள்,
மூன்றிலும் எண்ணெய் மணந்தது.
'பிறகு வாசிக்க' நூற்று நாற்பத்துமூன்று.
அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.
'விளங்கேல்லை' என்றும் ஒன்று, ஒன்பது பேர்.
அதை நான் தொடவில்லை,
எங்களிடமிருந்த நேர்மை அவ்வளவுதான்.

இரண்டு சொல்லைத் தொட்டால்
திரை கேட்கும்: ஒன்றாக்கவா?
ஓம், ஓம், ஓம்.
துரவு கிணற்றுக்குள் விழுந்தது.
சத்தமே கேட்கவில்லை.

இரவு ஒரு மணிக்கு அது தானாகவே மஞ்சளில் காட்டியது:
இவை ஒத்த சொற்கள் போலுள்ளன.
இடப்பெயர்வு, ஐம்பத்தெட்டு.
வெளியேற்றம், ஒன்று.

அந்த ஒன்றைத் திறந்தேன்.
சோனகதெருப் பக்கத்துக் கிணறுகளைக் குறித்த
பழைய நில அளவைப் படம்.
சேர்த்தது பஸ்மிலா.
புத்தளத்தில் பிறந்தவள், வகுப்பில் அதிகம் கதையாதவள்.
கீழே குறிப்பு:
'பதினாலாவது புள்ளி எங்கட கிணறு.
வாளி கட்டிலேயே இருந்ததாம். வாப்பா இப்பவும் சொல்லுவார்.'

யதுகுலனுக்கு அனுப்பினேன்.
உடனே பதில்: 'ரெண்டும் ஒண்டுதானே, சேர்த்துவிடு.'

ஐம்பத்தெட்டில் ஏழு நான் ஒட்டியவை.
தொண்ணூற்றைந்து, மழை, நாவற்குழிப் பாலம்,
சைக்கிளில் அரிசி மூட்டைக்கு மேல் என் அக்கா.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு
கிழமைக்கு ஒருதரமாவது சாப்பாட்டு மேசையில் இடமுண்டு.
மற்றச் சொல்லை
நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்பில் படித்த இலக்கணம்,
சோதனைக்குப் பிறகு முதல்தடவையாய் உதவிக்கு வந்தது.
பெயர்தல் தன்வினை.
பல் பெயரும், சுவர்ப்பூச்சுப் பெயரும், சனமும் பெயரும்,
யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
வெளியேறு என்பதும் அப்படித்தான்.
அதிலே ஒரு ற் கூடினால் பிறவினை,
வாக்கியத்துக்குள் இன்னொரு ஆள்
வந்து நிற்பான்.
அந்த ஆள் கதைத்தது
எங்கட தமிழ்.

ஒன்றாக்கவா?
விரலை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.
பிறகு அதே படத்தை
என் பட்டியலிலும் சேர்த்தேன்.
'வெளி' என்று எழுதவே
வெளிநாடு, வெளிச்சம், வெள்ளவாய்க்கால் என்று
முந்திக்கொண்டு நீட்டியது பெட்டி.
முழுச்சொல்லையும் நானே எழுதவேண்டியிருந்தது.
ஒன்று, இரண்டானது.
அவ்வளவுதான் நடந்தது. பெரிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் யதுகுலன் படியிலேயே மறித்தான்.
'என்ர துரவைக் காணேல்லை.'
'ரெண்டும் ஒண்டுதானே' என்றேன்.
வாயைத் திறந்தான், மூடினான்.
பின்னேரம் பார்த்தபோது துரவு, ஒன்று,
திரும்ப ஏறி வந்திருந்தது.

பஸ்மிலா பார்த்தாளோ தெரியாது.
கன்ரீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்.
சில்லறை இருக்கா என்று கேட்டாள்.
இருந்தது.
கொடுத்தேன்.